களரியும் காலும்: மட்டக்களப்புக் கூத்து மரபில் ஆடுவோர் உடற்காப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரை, படுவான்கரை எனப் பெயர்பெற்ற ஊர்களெங்கும் வழங்கிவரும் கூத்தினைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். வடமோடி, தென்மோடி என்னும் அதன் பிரிவுகளும், பாடலும், தாளக்கட்டும், ஒப்பனையும், சமூகப் பின்னணியும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயினும், இவை யாவற்றையும் தாங்கி நிற்பதாகிய ஆடுவோனின் உடல் பற்றிய சிந்தனை அருகியே காணப்படுகின்றது. விடியும்வரை களரியில் மிதித்த கால் அடுத்த நாள் என்னவாயிற்று? பாரமான முடியைத் தாங்கிய கழுத்து எவ்வாறு பழக்கப்பட்டது? ஆட்டத்தின்போது முழங்கால் பிசகியவனை யார் கவனித்தனர்? இவை அற்பமான வினாக்களாகத் தோன்றலாம். ஆனால், கூத்தின் வரலாறு என்பது ஏடுகளின் வரலாறு மட்டுமன்று. அவ்வேடுகளை ஆடிக்காட்டிய உடல்களின் வரலாறும் ஆகும். அவ்வரலாற்றின் ஒரு பகுதியை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடுவோருக்கான மருத்துவம் மேனாடுகளில் ஒரு தனித்துறையாக உருப்பெற்றது அண்மைக் காலத்திலேயேயாம். நியூயோர்க் நகரில் ஹார்க்னஸ் நாட்டியக் காய நிலையம் 1989இல் தொடங்கப்பட்டது. நாட்டிய மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்குமான சர்வதேச சங்கம் 1990இல் தோன்றியது. பிரித்தானியாவில் பீற்றர் பிரின்சன், பியோனா டிக் ஆகியோர் ஆடுவோரின் உடல்நலம் பற்றி மேற்கொண்ட விசாரணை 1996இல் நூலாக வெளிவந்தது. 2012இல் அந்நாட்டில் இத்துறைக்கென ஒரு தேசிய நிறுவனமும் அமைந்தது. இத்துறையினர் கண்டறிந்த உண்மைகளுள் முதன்மையானது ஒன்றுண்டு. ஆடுவோருக்கு நேரும் காயங்களுட் பெரும்பாலானவை திடீரெனத் தவறி வீழ்வதால் நேர்வன அல்ல; ஒரே அசைவைப் போதிய ஓய்வின்றி மீண்டும் மீண்டும் செய்வதாற் சிறிது சிறிதாக நேர்வன. கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு ஆகியனவே பெரிதும் தாக்குறுகின்றன. எனவே, காயத்தைத் தடுப்பதென்பது பயிற்சிக்கும் ஓய்வுக்கும் இடையேயுள்ள அளவைப் பேணுவதேயாகும் என்பது அவர்தம் துணிபு.

இவ்வுண்மை கீழைத்தேயத்தாருக்கு முற்றிலும் புதியதன்று. பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஆடுவோர் மேற்கொள்ளவேண்டிய தேகப்பயிற்சி பற்றிப் பேசும்போது, எண்ணெய் பூசி உடலைப் பிடித்துவிடுதல், மருந்து, உணவு என்பவற்றையும் சேர்த்தே கூறுகின்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ, மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியதைக் கூறுவதோடு, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட பலகை அரங்கினையும் நுணுக்கமாக வருணிக்கின்றது. கால அளவும் தள அளவும் ஆடற்கலையின் பகுதிகளாகவே கருதப்பட்டன என்பது இதனாற் புலனாகும். கேரளத்தில் 1930இல் நிறுவப்பெற்றுப் பின்னர் செறுதுருத்தியில் அமைந்த கலாமண்டலத்திற் கதகளி பயிலும் மாணவருக்கு மழைக்காலத்தில் உழிச்சில் செய்யும் வழக்கமுண்டு. எண்ணெய் பூசிய மாணவரின் உடலை ஆசான் தம் கால்களால் அழுத்தி உழிவார். களரிப்பயிற்றிலிருந்து கதகளி பெற்ற செல்வம் இது.

மட்டக்களப்புக் கூத்தில் இத்தகைய நூல் விதியோ, பெயர் சூட்டப்பட்ட சிகிச்சை முறையோ விளக்கமாகக் காணப்படவில்லை. அதனால், இங்கு உடற்காப்பே இருக்கவில்லை எனக் கருதலாமா? கூத்துப் பழக்கும் முறையினை நுணுகி நோக்குமிடத்து, அவ்வாறு கருதுதல் தவறு என்பது தெளிவாகும்.

அறுவடை முடிந்து வயலில் வேலை ஓய்ந்த காலத்தில் ஊரவர் கூடி ஒரு கூத்தை ஆட முடிவு செய்வர். அண்ணாவியார் ஒவ்வொருவரின் தோற்றம், குரல், ஆட்டத்திறன் ஆகியவற்றை நோக்கிப் பாத்திரங்களைப் பகிர்வார். இது சட்டங்கொடுத்தல் எனப்படும். பீமனுக்கு உரிய உடல்வலி இல்லாதவனுக்குப் பீமன் சட்டம் கொடுபடுவதில்லை. இன்றைய மருத்துவர் பயிற்சிக்கு முன்னர் உடற்றகுதியைப் பரிசோதித்தல் வேண்டும் என்பர். அண்ணாவியாரின் கண்ணே அன்று அப்பரிசோதனையை ஒருவாறு செய்தது.

இதன்பின் பாடலும் அடிப்படை ஆட்டங்களும் பழக்கப்படும். வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி, குத்துமிதி, பாய்ச்சல் முதலிய ஆட்டக்கோலங்கள் எளியனவற்றிலிருந்து அரியனவற்றை நோக்கிச் செல்வன. கால் தாளத்துக்குப் பழகிய பின்னரே சதங்கை அணிதல் நடைபெறும். அதாவது, காலுக்குப் பாரம் சேர்வது கால் உரம்பெற்ற பின்னரேயாம். அடுத்து வருவது கிழமைக்கூத்து. கிழமைக்கு ஒருமுறை முழுமையாக ஆடிப் பார்த்து, இடைப்பட்ட நாட்களில் அவரவர் தத்தம் தொழிலுக்குத் திரும்புவர். அதன்பின் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடு ஆட்டம் உடனே நின்றுவிடுவதுமில்லை. வீட்டுக்கு வீடு சென்று சிறிது சிறிதாக ஆடும் வழக்கத்தின் வழியே அது மெல்ல ஓய்கின்றது.

பல மாதங்களுக்கு நீளும் இவ்வொழுங்கினை ஒரு சடங்கு வரிசை எனவே நாம் இதுகாறும் விளக்கி வந்துள்ளோம். அதனை உடல் நோக்கிற் பார்த்தால், பாரத்தைப் படிப்படியாக ஏற்றி, இடையில் ஓய்வளித்து, உச்சத்தை அடைந்தபின் படிப்படியாக இறக்கும் ஒரு பயிற்சித் திட்டமாக அது விளங்குவதைக் காணலாம். அண்ணாவியார்கள் இதனை மருத்துவ நோக்கோடு வகுத்தனர் என்பது எமது கருத்தன்று. கமக்காரனும் மீன்பிடிகாரனும் தம் தொழிலுக்கு இடையிலேயே ஆடவேண்டியிருந்தமையால், தொழிலின் சந்தமே கூத்தின் சந்தமாயிற்று. நோக்கம் எதுவாயினும் பயன் உடலுக்குக் கிடைத்தது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

களரியின் அமைப்பும் இவ்வகையில் நோக்கத்தக்கது. வட்டக்களரி மண்ணால் உயர்த்தப்பட்டது. பார்வையாளர் சுற்றிவர இருப்பர். வெறுங்காலால் மிதித்து ஆடுவோனுக்குத் தளத்தின் இயல்பு முதன்மையானது. கல்லும் சீமெந்தும் மிதியின் அதிர்ச்சியை முழுமையாகக் காலுக்கே திருப்புகின்றன. மண்ணோ அதிற் சிறுபகுதியையேனும் தான் ஏற்றுக்கொள்கின்றது. மேனாட்டு ஆடரங்குகளில் நெகிழ்வுள்ள பலகைத் தளம் அமைக்கப்படுவதும் இக்காரணம் பற்றியேயாம். அன்றியும், நாற்புறமும் இருந்து நோக்கும் அவைக்காக ஆடுவோன் களரி முழுவதையும் வலம் வந்து ஆடுவதால், உடல் ஒரு பக்கத்துக்கே கட்டுப்பட்டு நிற்பதில்லை.

இவை யாவற்றினும் சிறந்தது பிற்பாட்டு எனலாம். கூத்தன் தானே பாடித் தானே ஆடுபவன். பாடுவதற்கு மூச்சு வேண்டும். ஆடுவதற்கும் மூச்சு வேண்டும். இரண்டும் ஒருங்கே நிகழுமாயின் எத்துணை வலியுடையவனும் விரைவிற் களைத்துவிடுவான். கூத்தன் ஓரடியைப் பாடி நிறுத்த, அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதனை ஏற்றுப் பாடுகின்றனர். அவர்கள் பாடும்போது அவன் ஆடுகின்றான். மீண்டும் அவன் பாடும்போது ஆட்டம் தணிகின்றது. பிற்பாட்டு இசைக்கு அழகு செய்வது என்பது உண்மையே. அதனிலும் பெரிய உண்மை, அது கூத்தனின் மூச்சைக் காத்தது என்பதாகும். ஒரு பாத்திரம் ஆடி ஒதுங்க மற்றொரு பாத்திரம் வரவாட்டத்தோடு புகும் அமைப்பும் இவ்வாறே இளைப்பாற இடமளித்தது.

ஆனால், பழைமை அனைத்தும் நன்மையே என வாதிடுவது வரலாற்று நேர்மையன்று. வடமோடி அரசருக்குரிய உடை மிகுந்த பாரமுடையது. கரப்பு வடிவில் விரிந்த உடுப்பும், கண்ணாடி பதித்த அணிகளும், தலையில் முடியும் சேர்ந்து கழுத்தையும் தோளையும் இடுப்பையும் அழுத்தின. வாவிக்கரையின் வெக்கையில் இத்தனையும் அணிந்து ஆடுவோன் இழக்கும் நீர் சிறிதன்று. தளர்ச்சியும் மயக்கமும் கண்ணூறாலோ செய்வினையாலோ நேர்ந்தன என அஞ்சி, களரிக்குக் காவல் செய்யும் வழக்கமும் நிலவியது. அச்சத்தைப் போக்க அது உதவியிருக்கலாம். வற்றிய உடலுக்கு நீரை அது தரவில்லை.

சுளுக்கும் முறிவும் நேர்ந்தபோது ஊர்ப் பரிகாரியாரும் முறிவு நெரிவு வைத்தியருமே துணை நின்றனர். எண்ணெயும் பத்தும் கட்டும் அவர்தம் கருவிகள். சுதேச வைத்தியத்தை ஒழுங்குபடுத்திய 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் இத்தகைய வைத்தியத்துக்குச் சட்ட அடிப்படையையும் தந்தது. கட்டுப்போட்டு அசையாது வைத்தல் என்னும் அவர்தம் முறையில் அறிவார்ந்த அடிப்படை உண்டு. எனினும், உள்ளே கிழிந்த தசைநாரையும் மூட்டின் உட்காயத்தையும் கையால் மட்டும் அறிதல் எளிதன்று. முழங்கால் தேறாத கூத்தன் களரியிலிருந்து ஒதுங்கினான். அவனது இழப்பு ஒரு பாத்திரத்தின் இழப்பு மட்டுமன்று. அவன் அக்காலாலேயே வயலில் இறங்கவும் வேண்டியிருந்தது. அந்த இழப்பை எந்த ஏடும் பதிவுசெய்யவில்லை.

இம்மரபின் வரலாற்றில் 1956ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமத்துக் கூத்தினை நாடறியச் செய்யும் பணியைத் தொடங்கினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போர் மேடையேறியது. நொண்டி நாடகம், இராவணேசன் என்பன தொடர்ந்தன. 1968இல் வாலிவதை வந்தது. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் துணையோடு வட்டக்களரிக் கூத்து படச்சட்ட மேடைக்கு ஏற்றவாறு சுருக்கிச் செப்பனிடப்பட்டது. இம்முயற்சி இல்லையேல் படித்தோர் கூத்தினை இழிவாகவே கருதி இழந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அப்பணியைக் குறைகூறுதல் எமது எண்ணமன்று.

ஆயினும், களரி மாறியபோது உடலுக்கு என்ன நேர்ந்தது என்று அக்காலத்தில் எவரும் வினவியதாகத் தெரியவில்லை. மண் தளம் போய்ப் பலகையும் சீமெந்தும் வந்தன. ஓர் இரவுக்குரிய ஆட்டங்களுட் சிறந்தன தெரிந்தெடுக்கப்பட்டுக் குறுகிய நேரத்துள் அடக்கப்பட்டமையால், இடையிடையே இருந்த இளைப்பாறல் குறைந்தது. பல மாதப் பயிற்சி, விழா நாளை நோக்கிய சில வாரப் பயிற்சியாகச் சுருங்கும் வழியும் திறந்தது. நேரம் குறைந்ததால் உழைப்பும் குறைந்தது எனக் கருதுவது மயக்கம். உழைப்புச் செறிந்தது என்பதே உண்மை. கூத்தின் ஆட்டத்தை நாம் மேடைக்குக் கொணர்ந்தோம். அவ்வாட்டத்தைக் காத்துநின்ற கால ஒழுங்கைக் கிராமத்திலேயே விட்டுவந்தோம்.

அடுத்த கட்டம் ஆடல் ஒரு கல்வித்துறையானமையாகும். கல்லடியில் 1982இல் சுவாமி விபுலாநந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி தோன்றியது. அது பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோரின் உழைப்பாற் கூத்தும் பல்கலைக்கழகப் பயில்துறையாயிற்று. ஆண்களே ஆடிவந்த கூத்தினைப் பெண்களும் ஆடலாயினர். போரையும், 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் கல்லடிக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையையும் கடந்து இக்கல்வி நிலைத்தமை பெருமைக்குரியது. ஆனால், பரதமோ கூத்தோ பயிலும் இன்றைய மாணவர் கிழமைக்கு ஒருநாள் ஆடுபவரல்லர், நாடோறும் ஆடுபவர். அரைமண்டியில் நெடுநேரம் நின்று தட்டும் முழங்காலும், சீமெந்துத் தளத்தில் மிதிக்கும் குதிக்காலும் பரீட்சை நெருங்க நெருங்க ஓய்வை இழக்கின்றன. நோவைச் சொன்னாற் பாத்திரம் போய்விடும் என்னும் அச்சமும், நோவைப் பொறுப்பதே கலைப்பற்று என்னும் எண்ணமும் எம்மிடையே இன்றும் உண்டு. இவ்வெண்ணம் மரபன்று. மரபு ஓய்வு கொடுத்தது.

எனவே, நாம் செய்யவேண்டியன சில உள. பயிற்சிக்கு முன் உடலைச் சூடேற்றுதலும், பின் மெல்லத் தணித்தலும் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். முடியும் உடுப்பும் அரங்கேற்ற நாளில் முதன்முறையாக ஏற்றப்படாது, படிப்படியாகப் பழக்கப்படல் வேண்டும். நீரும் போதிய உணவும், சிறப்பாக மாணவியருக்கு, புறக்கணிக்கப்படலாகாது. மூட்டு வீங்கினாலோ, காலை ஊன்ற இயலாதுபோனாலோ, விறைப்பு ஏற்பட்டாலோ, எண்ணெய் தேய்த்து மீண்டும் ஆடாது மருத்துவமனையை நாடுதல் வேண்டும். முறிவு உண்டா என்பதை எக்ஸ்கதிர்ப் படம் பெரும்பாலும் காட்டும். குணமானபின் எப்போது, எவ்வளவு ஆடலாம் என்பதை இயன்மருத்துவரும் ஆசிரியரும் கூடித் தீர்மானித்தல் வேண்டும்.

இதற்கு வேண்டிய அறிவைக் கடல்கடந்து தேடவேண்டியதில்லை. ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ்க் கல்லடியில் ஆடல் கற்பிக்கப்படுகின்றது. மட்டக்களப்பில் மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. இம்மூன்று துறையினரும் முதிய அண்ணாவியார்களை நடுவே இருத்தி உரையாடுவராயின், ஆடுவோருக்கான மருத்துவம் எமது மண்ணிலேயே வேரூன்றும். அண்ணாவியார்களின் பாடல்களைப் பதிவு செய்கின்றோம்; அவர்தம் முழங்கால்களின் கதையையும் கேட்டுப் பதிவு செய்வோமாக. ஏடு எரிந்தாற் படியெடுத்த ஏடொன்று எங்கேனும் கிடைத்தல் கூடும். ஆடியவனின் காலுக்குப் படியில்லை.