தெருமுனைத் தொட்டிக்கு முன்னும் பின்னும்

குப்பை என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் முதற்பொருள் குவியல் என்பதே. நற்றிணையில் நெய்தல் நிலத்து உப்புக் குவியலும் குப்பைதான். கோழி கிளறும் குப்பையும் அன்றே உண்டு. அதனாற் பெயர்பெற்ற குப்பைக்கோழியாரைக் குறுந்தொகை பயின்றோர் அறிவர். அண்மைக்காலம் வரை நம் சிற்றூர்களில் சாணமும் சாம்பலும் வீட்டுக் கூளமும் எருக்குழியில் மக்கி, வண்டியேறி வயலுக்குப் போயின. வாங்கிக்கொள்ள வயல் இருந்தவரை குப்பை ஒரு செல்வமாகவே இருந்தது.

நகரத்தில் அந்த வயல் இல்லை. சென்னையில் எண்பதுகளில் இருந்த ஏற்பாடு, தெருமுனையில் மாநகராட்சி வைத்த தொட்டி. தொட்டியிலிருந்து அள்ளிச் செல்வது மாநகராட்சியின் பணி. ஆனால் வீட்டு வாசலுக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு தொலைவு யாருடைய பொறுப்பிலும் இல்லை. குப்பை சிதறிக் கிடந்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

1989இல் வங்கி அதிகாரியான எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் கைவைத்தது இவ்விடைவெளியில். அதன் முறை மிக எளியது. ஒரு தெருவின் குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரு மன்றம் அமைக்கும். மாதம் ஒரு சிறு சந்தா தரும். அத்தொகையிலிருந்து கூலி பெறும் ஒருவர் மூன்றுசக்கர வண்டியுடன் வீடுவீடாக வந்து குப்பையைப் பெற்று, மாநகராட்சித் தொட்டியில் சேர்ப்பார். தெருவில் காகிதம் பொறுக்கிப் பிழைத்தவர் பலர் இவ்வேலைக்கு வந்தனர். தொண்ணூறுகளின் நடுவில் இத்தகைய மன்றங்கள் ஆயிரத்தைத் தாண்டின. அரசை நோக்கி மனு எழுதிக்கொண்டிருந்த நடுத்தர வகுப்பு, தன் வாசலுக்குத் தானே பொறுப்பேற்ற அரிய தருணம் அது.

வண்டி தள்ளியவருக்கு இயக்கம் இட்ட பெயர் ‘ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்’. தெருவை அழகாக்குபவர் என்று பொருள். குப்பை அள்ளுவதைப் பிறப்போடு பிணைத்த ஒரு சமூகத்தில் இப்பெயர் மாற்றத்தைச் சிறிதென்று ஒதுக்கலாகாது. எனினும் பெயர் மாறிய அளவுக்கு நிலை மாறிற்றா என்பதே கேள்வி. சந்தா நின்ற மாதத்தில் அவர் கூலியும் நின்றது. தெரு அவரை வாழ்த்தியது. ஆனால் குப்பையைத் தொடும் கை அவருடையதாகவே இருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. தெருவை விட்டு அகன்ற குப்பை மறைந்துவிடவில்லை. அது தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக்கும், வடக்கே கொடுங்கையூருக்கும் சென்று மலையாயிற்று. ஒரு பகுதியின் தூய்மை, வேறொரு பகுதி மக்கள் மூச்சுவிடும் காற்றில் கணக்குத் தீர்க்கப்பட்டது. தரம் பிரித்தலும் உரமாக்கலும் வேண்டும் என்று எக்ஸ்னோராவே வற்புறுத்தியது. ஆனால் சந்தா கொடுக்க முன்வந்த அளவுக்கு, அடுக்களையில் இரண்டு கூடைகள் வைக்கக் குடும்பங்கள் முன்வரவில்லை.

2000இல் மூன்று மண்டலங்களின் துப்புரவுப் பணி ஓனிக்ஸ் நிறுவனத்திடம் சென்றது. தெருமன்றங்கள் பல தேய்ந்தன. அதே ஆண்டில், அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, நாடு முழுமைக்குமான நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடுவீடாகச் சேகரித்தல் அவற்றில் இடம்பெற்றது. தெருக்காரர்கள் செய்து காட்டியது சட்டமாயிற்று என்று நாம் பெருமைப்படலாம்.

ஆயினும் தொட்டிவரையிலான வழியைத்தான் நாம் கூடிச் செப்பனிட்டோம். அதற்கு அப்பாலுள்ள வழி அடுக்களையிலேயே தொடங்குகிறது. காய்கறித் தோலும் கண்ணாடிச் சில்லும் தனித்தனியே இருக்கும்வரை ஒன்று எரு, மற்றொன்று பண்டம். இரண்டையும் ஒரே பையில் கட்டும் கணத்தில்தான் அவை, நாம் இன்று சொல்லும் பொருளில், குப்பையாகின்றன. அந்தப் பையைக் கட்டுவது வண்டிக்காரரின் கையன்று, நம்முடையது.