ஜட்சன் நடன அரங்கு

ஜட்சன் நடன அரங்கு என்பது 1962 முதல் 1964 வரை நியூயார்க் நகரின் வாஷிங்டன் சதுக்கத்தை ஒட்டிய ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் நிகழ்ச்சிகள் நடத்திய சோதனை நடனக் கலைஞர்களின் கூட்டு. ஸ்டீவ் பாக்ஸ்டன், இவான் ரெய்னர், டிரிஷா பிரவுன், டேவிட் கார்டன், டெபோரா ஹே, லூசிண்டா சைல்ட்ஸ் முதலியோர் இதில் ஆடினர். 1960இல் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் பயிற்சிக்கூடத்தில் இசைக்கலைஞர் ராபர்ட் டன் தொடங்கிய நடன அமைப்பு வகுப்பே இதன் வித்து. இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் பயின்ற டன், அசைவுகளின் வரிசையைத் தற்செயலிடம் ஒப்படைக்கக் கற்றுத்தந்தார்; எது அழகு என்ற தீர்ப்பை வகுப்பிலிருந்து விலக்கி வைத்தார். அதே ஆண்டுக் கோடையில் கலிபோர்னியாவில் நடனக் கலைஞர் அன்னா ஹால்ப்ரின் தம் வீட்டை ஒட்டிய திறந்த மரத்தளத்தில் பட்டறை ஒன்றை நடத்தினார். அங்கே ரெய்னர், பிரவுன், சிமோன் ஃபோர்ட்டி ஆகியோர் பழகிய மனோதர்ம முறை இரண்டாவது ஊற்று. கர்நாடக இசையில் மனோதர்மம் ராகத்துக்கும் தாளத்துக்கும் உட்பட்டு நடப்பது. இவர்களோ இலக்கணத்தையே ஒவ்வொரு முறையும் புதிதாக வகுக்க வேண்டியிருந்தது.

அன்றாட அசைவுகளையே நடனமாக்கிய இக்கலையின் எளிமையை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கேஜின் கருத்துகளிலிருந்தே வருவிக்கிறார்கள். பிழைப்பின் நிலைமைக்கும் அதில் சமபங்கு உண்டு. இவர்களில் சிலரை நகரின் பெயர்பெற்ற அரங்கொன்று ஏற்க மறுத்த பிறகுதான் தேவாலயத்தின் கதவு தட்டப்பட்டது. 1962 ஜூலை 6 அன்று நடந்த முதல் நிகழ்ச்சிக்கு அனுமதி இலவசம்; மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்டது. கூலியும் ஒத்திகைக்கூடமும் இல்லாத கலைஞர் பெரிய குழுவை மாதக்கணக்கில் பழக்க முடியாது. நடப்பது, உட்காருவது, ஓடுவது போன்ற அன்றாட அசைவுகளை நண்பர்களைக் கொண்டே செய்விக்க முடியும். 1967இல் பாக்ஸ்டன் அமைத்த 'சாடிஸ்ஃபையின் லவர்' முழுவதும் நடத்தலும் நிற்றலும் அமர்தலும்தான். ஏழைக் கலைஞர்கள் எங்கும் இருந்தார்களே, அங்கெல்லாம் ஏன் இக்கலை பிறக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வறுமை மட்டும் கலையைப் படைப்பதில்லை. கையில் இருந்த கருத்துகளில் எது வேரூன்றும் என்பதை அது முடிவு செய்தது. கன்னிங்ஹாமும் கேஜின் கருத்துகளை ஏற்றவரே. ஆனால் பயிற்சி பெற்ற நிலையான குழு அவரிடம் இருந்தது, அவருடைய நடனமும் தேர்ச்சி மிக்கதாகவே நீடித்தது.

இடமும் அப்படியே. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் சிறு தொழிற்கூடங்கள் காலிசெய்த மாடிகளில் கலைஞர்கள் குடியேறினர். அங்கே வாழ்ந்து பணிபுரிய 1971இல் நகர நிர்வாகம் சட்டப்படி அனுமதித்தது. அகன்ற தளம், குறைந்த வாடகை, ஒரே கூரையின் கீழ் வீடும் ஒத்திகையும். 1970இல் வூஸ்டர் தெருக் கட்டடமொன்றின் வெளிச்சுவரில் ஆடவர் ஒருவரைக் கயிற்றில் கட்டி இறங்கி நடக்கவிட்டார் பிரவுன். அடுத்த ஆண்டு அவருடைய நடனம் சோஹோவின் கூரைகளுக்கே ஏறியது. மேடை கிடைக்காதவர்கள் ஊரையே மேடையாக்கினர் என்பதில் மிகையில்லை. வருவாய் வேறு வழிகளில் வந்தது: கார்டன் கடைகளின் காட்சிச் சன்னல்களை அலங்கரித்தார்.

ஜட்சன் கலைஞர்கள் சிலர் சேர்ந்து 1970இல் உருவாக்கிய கிராண்ட் யூனியன் குழுவுக்குத் தலைவரும் இல்லை, நிகழ்ச்சிகளுக்கு முன்வகுத்த அமைப்பும் இல்லை; 1976 வரை அது ஆடியது. அக்குழுவுடன் 1972 ஜனவரியில் ஓபர்லின் கல்லூரிக்குச் சென்ற பாக்ஸ்டன், மல்யுத்த விரிப்பின்மீது மாணவர்களைக் கொண்டு நிகழ்த்திய 'மக்னீசியம்' என்ற ஆட்டமே கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷனின் தொடக்கம். இரு உடல்கள் எடையைப் பரிமாறி, தொடுகையின் வழியே அடுத்த அசைவைக் கண்டடையும் முறை இது. தேர்ச்சியற்ற பயிற்சியால் காயங்கள் நேர்கின்றன என்ற கவலையில், 1975இல் பெயருக்கு வணிகமுத்திரை பெற்று ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்கும் யோசனை எழுந்தது. கைவிட்டார்கள். அதற்குப் பதிலாகச் செய்திமடல் தொடங்கினார்கள். அதுவே பின்னர் 'கான்டாக்ட் குவார்ட்டர்லி' இதழானது. உரிமம் இருந்திருந்தால் ஆசிரியருக்கு நிலையான வருமானம் கிடைத்திருக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் சான்றிதழ் வழங்க, எது சரியான அசைவு என்று யாரேனும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். டன்னின் வகுப்பு விலக்கி வைத்தது அந்தத் தீர்ப்பைத்தான். விளைவாக இன்றும் இக்கலைஞர்கள் பட்டறைக் கட்டணத்தையும் கல்லூரிகளின் தற்காலிக அழைப்புகளையும் நம்பியே வாழ்கிறார்கள்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2018இல் ஜட்சனுக்குக் கண்காட்சி நடத்தியது. பாக்ஸ்டன் 2024இல் காலமானார்.