காதைக் குத்தும் ஒலி: ஒலிபெருக்கியை அளந்தறிந்த வரலாறு



தீபாவளிக்கு முந்திய வாரம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்து வீடு ஒன்றில், அல்லது தோட்டத்தை விட்டுத் தாமானில் குடியேறிய வீடு ஒன்றில், மூத்த பையன் தன் கையாலேயே ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியைச் செய்து முடிக்கிறான். பழைய பலகை, கடையில் வாங்கிய பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்ன ஸ்பீக்கர் ஒன்று, கொஞ்சம் கம்பி. அவ்வளவுதான் செலவு. பாட்டை வைக்கிறான். மத்தளம் நன்றாக விழுகிறது. ஆனால், பாடகியின் குரல் மேலே ஏறும்போது காதில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது.

"கொஞ்சம் குறைப்பா, தலை வலிக்குது" என்கிறார் பாட்டி. "அதுதான் பாட்டி தெளிவு" என்கிறான் பையன். "சின்ன ஸ்பீக்கர் சரியில்லை, மாற்று" என்கிறார் அப்பா. மாற்றுகிறான். சம்பளத்தில் நாற்பது வெள்ளி போகிறது. குத்தல் மட்டும் போகவில்லை.

இவர்களில் யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு விடை காண அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

நாம் இன்று பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அமைப்பு 1925-ஆம் ஆண்டில் உருவானது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் அதை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் அசைந்து காற்றை அதிர வைக்கிறது. அந்த அதிர்வே நம் காதுக்கு ஒலியாக வந்து சேர்கிறது.

அதிர்வு வினாடிக்கு நூறு தடவை என்றால் அது மத்தளத்தின் கனத்த ஒலி. ஐயாயிரம், பத்தாயிரம் தடவை என்றால் அது ஜால்ராவின் கூர்மையான ஒலி. மெதுவான அதிர்வுகளில் கூம்பு முழுவதும் ஒரே துண்டாக அசையும். அதிர்வு வேகமாகும்போது கூம்பின் நடுப்பகுதி ஒரு பக்கமும் ஓரம் மறுபக்கமும் போகத் தொடங்கும். காற்றில் நெளியும் வாழையிலையைப் போல் கூம்பும் நெளியும். அப்படி நெளியும் இடத்தில் சில சுரங்கள் மட்டும் அளவுக்கு மீறி உரக்க வெளிவரும். குத்தலுக்கு இது முதற்காரணம்.

காரணம் இருந்தாலும் அதைக் காண்பதற்குக் கருவி வேண்டுமே! அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்து ஆய்வாளர் எட்வர்ட் வென்ட் என்பவர் 1917-இல் ஒரு புதுவகை ஒலிவாங்கியை உலகுக்கு அறிவித்திருந்தார். எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே சீராக வாங்கும் தன்மை அதற்கு இருந்தது. தராசு நேராக இருந்தால்தானே எடை சரியாக இருக்கும்? அந்தத் தராசு கிடைத்த பிறகுதான் ஒலிபெருக்கியை அளப்பது சாத்தியமாயிற்று.

அடுத்து, நம் காதையே அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் ஆகிய இருவரும் 1933-இல் முக்கியமான ஓர் ஆய்வை வெளியிட்டனர். நம் காது எல்லாச் சுரங்களையும் ஒரே அளவாகக் கேட்பதில்லை. வினாடிக்கு 3000 முதல் 4000 வரையிலான அதிர்வுகளைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது என்று அது காட்டியது. இதற்கு ஒரு காரணம் காதுத் துளை. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் துளை ஒரு சிறிய குழலைப்போல் அந்தச் சுரங்களுக்கு வலுவூட்டுகிறது. ஆகவே, அந்த இடத்தில் ஒலிபெருக்கி சிறிது மிகைப்படுத்தினாலும் நமக்குத் தலை வலிக்கிறது. பாட்டி சொன்னதில் பொய்யே இல்லை, நேயர்களே!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் பலர் தாங்களே ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினர். அவர்களுக்கு நல்ல வழிகாட்டியாக விளங்கியவர் கில்பர்ட் பிரிக்ஸ். துணி வியாபாரத்தில் இருந்த இவர் 1932-இல் வார்ஃப்டேல் என்ற ஒலிபெருக்கி நிறுவனத்தைத் தொடங்கினார். 1948-இல் சாதாரண மக்களுக்கும் புரியும்படி ஒலிபெருக்கிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1954-இல் இலண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் வாசிக்கும் இசையையும் அதன் ஒலிப்பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார். கேட்பவரின் காதையே நீதிபதியாக்கிய காலம் அது.

ஆனால் காது, "குற்றம் நடந்திருக்கிறது" என்று சொல்லுமே தவிர, "குற்றவாளி இவன்" என்று கைகாட்டாது. இங்கேதான் பி.பி.சி. வானொலி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு பெரும்பணி செய்தது. அங்கிருந்த ஷார்ட்டர் என்ற ஆய்வாளர் 1946-இல் புதுமையான ஒரு கேள்வியை எழுப்பினார். ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? நல்ல ஒலிபெருக்கி உடனே அடங்க வேண்டும். ஆனால் கோயில் மணி, அடித்த பிறகும் ரீங்கரிப்பதுபோல், சில கூம்புகள் சில சுரங்களில் தொடர்ந்து ஒலித்துக்கொண்டே இருந்தன. வழக்கமான அளவுப் படத்தில் சிறிய மேடாகத் தோன்றியது, இந்த முறையில் பார்த்தபோது நீண்ட வாலாகத் தெரிந்தது. பின்னர், 1960-களில் அதே ஆய்வுப் பிரிவினர் காகிதத்துக்குப் பதிலாக பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் பொருளில் கூம்பு செய்து, ரீங்காரத்தை அடக்க அதன்மேல் பூச்சும் பூசினர்.

பெட்டியின் பங்கு என்ன? அமெரிக்காவின் ஹாரி ஆல்சன் 1951-இல் உருண்டை, கனசதுரம், உருளை எனப் பல வடிவப் பெட்டிகளில் ஒரே மாதிரி ஸ்பீக்கரைப் பொருத்தி அளந்து காட்டினார். உருண்டையில் அளவுக்கோடு சீராக இருந்தது. சதுர முகத்தின் நட்டநடுவில் ஸ்பீக்கரைப் பொருத்திய கனசதுரத்தில் பெரிய மேடுபள்ளங்கள் தோன்றின. கூர்மையான விளிம்பை அடையும் ஒலி அங்கிருந்து மீண்டும் கிளம்பி, முதல் ஒலியோடு மோதுவதே இதற்குக் காரணம். பி.பி.சி. 1970-களில் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய ஒலிபெருக்கியில் டுவீட்டரைச் சுற்றிக் கம்பளிப் பட்டைகள் ஒட்டியிருப்பது இந்த மோதலைத் தடுப்பதற்காகத்தான். டுவீட்டர் என்பது சின்ன ஸ்பீக்கர்.

இவ்வளவு அளவுகளுக்கும் அந்நாளில் எதிரொலியே இல்லாத தனி அறை தேவைப்பட்டது. அதை அமைக்கப் பெரும் பணம் வேண்டும். இந்தத் தடையை உடைத்தது கணிப்பொறி. 1970-களில் இங்கிலாந்தின் கே.ஈ.எஃப். நிறுவனத்தில் லாரி ஃபின்சம் என்பவரின் குழுவினர் ஒலிபெருக்கிக்கு மிகச் சிறிய ஒரு 'டிக்' ஒலியைக் கொடுத்து, அதன் விளைவைக் கணிப்பொறியில் பதிந்தனர். ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் வரும். அது வருமுன் கணக்கை முடித்துக்கொண்டால் சுவர் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

அன்று பெரிய நிறுவனங்களிடம் மட்டுமே இருந்த இந்த வசதி இன்று நம் கைக்கே வந்துவிட்டது. ஒரு சாதாரண கணினி, அளவெடுக்கும் ஒலிவாங்கி ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஆகியவை போதும். கைப்பேசியின் ஒலிவாங்கி அவ்வளவு துல்லியமானது அல்ல. ஆனாலும், 'முன்பு எப்படி, இப்போது எப்படி' என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் உதவும்.

நம் பையன் இனி என்ன செய்ய வேண்டும்? காற்றில்லாத மாலையில் பெட்டியைத் திடலுக்குக் கொண்டுபோய், இரண்டு மீட்டர் உயரத்தில் வைக்கட்டும். ஒலிவாங்கியை அதே உயரத்தில், ஒரு மீட்டர் முன்னால் நிறுத்தட்டும். அருகில் சுவர் இல்லை. தரையில் பட்டு வரும் ஒலியோ மூன்று மீட்டருக்குமேல் கூடுதலாகச் சுற்றி வர வேண்டும். மிதமான ஒலியில் அளக்கட்டும். பிறகு ஒவ்வொருவராகச் சாட்சி விசாரிக்கட்டும்.

மேல்சுரங்கள் முழுவதும் ஒரே சீராக உயர்ந்திருந்தால், பெரிய ஸ்பீக்கரைவிட டுவீட்டர் உரக்கப் பேசுகிறது என்று பொருள். சில ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் அடங்கிவிடும்.

ஒலிவாங்கியைச் சற்று நகர்த்தும்போது மேடும் இடம் மாறினால், அது விளிம்பின் வேலை. டுவீட்டரைச் சுற்றித் தடித்த கம்பளித் துணியை ஒட்டிப் பார்க்கலாம்.

அளவுக்கோடு சீராக இருந்து, உரக்க வைக்கும்போது மட்டும் குத்தினால், ஆம்பிளிஃபயர் தன் சக்திக்கு மீறி உழைக்கிறது. ஒலியைக் குறைப்பதே மருந்து.

எங்கிருந்து அளந்தாலும் மேடு அதே இடத்தில் நின்றால், அது ரீங்காரம். அப்போது மின்சாரத்தை நிறுத்தி, டுவீட்டரின் கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். 4000 அதிர்வில் அந்த மேடு அப்படியே நின்றால், குற்றவாளி டுவீட்டர் அல்ல. பெரிய ஸ்பீக்கரின் நெளியும் கூம்பு!

வீட்டில் செய்யும் பெட்டிகளில் இது அடிக்கடி நேர்வது. டுவீட்டருக்கு ஒரு கெப்பாசிட்டரை வைத்துவிட்டு, பெரிய ஸ்பீக்கரை நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். அது தனக்குப் பொருந்தாத மேல்சுரங்களையும் பாட முயல்கிறது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அரை மில்லிஹென்ரி அளவுள்ள கம்பிச்சுருள் ஒன்றைத் தொடராக இணைத்தால், 4000 அதிர்வில் சுமார் 5 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தால் ஒலி ஏறத்தாழப் பாதியாகக் கேட்கும் என்பதை நினைத்தால், இந்த 5 டெசிபல் சின்ன உதவியல்ல. கம்பியைச் சுற்றிச் சுருளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நாற்பது வெள்ளி கொடுத்துக் குற்றமற்ற டுவீட்டரை வெளியேற்றியிருக்க வேண்டியதே இல்லை.

நேயர்களே, "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள் நம் பெரியவர்கள். ஒலிபெருக்கியின் வரலாறோ, அந்தப் பழமொழியில் ஒரு சிறு திருத்தம் செய்யச் சொல்கிறது. காது கேட்டது பொய்யல்ல. பாட்டியின் தலைவலி உண்மை. முதல் சாட்சி அவர்தான். ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் அளந்து பார்க்க வேண்டும். ஷார்ட்டர் முதல் ஃபின்சம் வரை பலர் உழைத்தது, காதின் புகாரைப் புறக்கணிக்க அல்ல. அந்தப் புகாருக்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெட்டி காதைக் குத்தினால், பையனைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடைக்கும் ஓடாதீர்கள். பெட்டியைத் திடலுக்குத் தூக்க ஒரு கை கொடுங்கள்.