நீலகிரிச் செம்மறி

தென்னிந்தியாவில் உடைக்கேற்ற மென்கம்பளி தரும் ஒரே நாட்டுச் செம்மறி இனம். சேலம், நாமக்கல் சமவெளியில் ஸ்வெட்டர் பின்னுவோருக்கு அருகில் கிடைக்கக்கூடிய மென்கம்பளி இது. சேலத்தின் பெயர்பெற்ற மேச்சேரி ஆட்டுக்கு உடலெங்கும் குட்டையான மயிர்தான், கம்பளி கிடையாது. அதன் மதிப்பு இறைச்சியிலும் தோலிலும் இருக்கிறது. திருச்சி கருப்பு ஆட்டின் கம்பளி முரடு. கம்பளம் நெய்யலாம், கழுத்தில் சுற்றினால் அரிக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் குறும்பை ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்கள் கலந்ததில் நீலகிரி இனம் உருவானது. பெரும்பாலும் வெள்ளை, மடல் அகன்று தொங்கும் காதுகள். மழையும் குளிரும் மாறிமாறி வரும் மலைக்கு இது நன்றாகப் பழகியது.

கத்தரித்த கம்பளியில் ஒரு கற்றையைப் பிரித்தால் இழைகள் சிற்றலையாக நெளிந்திருக்கும். விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். அது கம்பளிக் கொழுப்பு. கொதிநீரில் அலசிக் கசக்கினால் இழைகள் பின்னிக்கொண்டு கட்டிதட்டிவிடும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, கசக்காமல் எடுக்க வேண்டும். இழைகளின் அந்த நெளிவுதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. அக்ரிலிக் நூலில் பின்னியது இப்படிக் கதகதப்பாக இராது.

மேய்ச்சல் புல்வெளிகள் தேயிலைக்கும் சீகை, தைல மரக் காடுகளுக்கும் போனதால் இனம் அருகிவிட்டது. உதகை அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் மந்தையைக் காத்து வருகிறது. மரபைக் காத்தால் மட்டும் போதாது. கம்பளியை நல்ல விலைக்கு வாங்கும் கைகளும் வேண்டும்.