வாரக்காரரும் இரண்டு மாநிலங்களும்

சில வருடங்களுக்கு முன், பீகாரில் நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு விவசாயி பயிர்க்கடன் கேட்டு வந்தார். நில ஆவணம் கேட்டேன். "நிலம் மாலிக்குடையது சாப், நான் பட்டாயி" என்றார். நம்மூர் வாரக்குத்தகைதான். எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் எதுவும் இல்லை. கடன் கொடுக்க முடியவில்லை. மனசு கேட்காமல், இந்த நிலைமை எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன்.

ஆரம்பம் 1793. வங்காளத்திலும் பீகாரிலும் கார்ன்வாலிஸ் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டு வந்தார். ஜமீன்தார் கம்பெனிக்குக் கட்டும் தொகை மாறாது. உழுபவரிடம் வாங்குவதற்கோ நடைமுறையில் வரம்பில்லை. கிணறு வெட்டி விளைச்சலைக் கூட்டினால் குத்தகையும் கூடும். அப்புறம் யார் வெட்டுவார்?

சுதந்திரத்துக்குப் பின் பீகார் 1950-லும் மேற்கு வங்கம் 1953-லும் ஜமீனை ஒழிக்கச் சட்டம் போட்டன. ஆனாலும் பினாமி பெயர்களில் நிறைய நிலம் பழைய கைகளிலேயே தங்கியது. வாரக்காரர்களில் பெரும்பாலோர் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை.

இதற்குப் பிறகுதான் இரண்டு மாநிலங்களின் பாதையும் பிரிகிறது. 1978-ல் மேற்கு வங்கத்தில் 'ஆபரேஷன் பர்கா' தொடங்கியது. அதிகாரிகள் கிராமங்களிலேயே முகாம் போட்டு, சுமார் 14 லட்சம் வாரக்காரர்களைப் பதிந்தார்கள். பதிந்தவரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. விதை, உரச் செலவு அவருடையது என்றால் நிலக்காரர் பங்கு கால்வாசிக்கு மேல் போகக்கூடாது. 1980-களில் அங்கே நெல் விளைச்சல் வேகமாக ஏறியது. குழாய்க் கிணறுகளும் புதிய ரகங்களும் காரணம் என்பது உண்மை. ஆனால் அபிஜித் பானர்ஜி, கெர்ட்லர், கட்டக் மூவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, வாரக்காரருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பும் விளைச்சலைக் கூட்டியது என்கிறது.

பீகார் என்ன செய்தது? பர்காவை முன்னின்று நடத்திய அதிகாரி டி. பந்த்யோபாத்யாயாவையே 2006-ல் நிலச் சீர்திருத்த ஆணையத் தலைவராக்கியது. வாரக்காரர்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2008-ல் அறிக்கை தந்தார். எதிர்ப்பு கிளம்பியது. அறிக்கை கிடப்பில் போனது.

"முதலில் வளர்ச்சி, பகிர்வெல்லாம் பிறகு" என்று பி.காம். படித்த காலத்தில் நானும் நம்பியவன்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. தன் பங்கு நிச்சயம் என்று தெரிந்தவர்தான் அடுத்த போகத்துக்குத் துணிந்து செலவு செய்கிறார். அந்தச் செலவில்தான் ஊர் வளர்கிறது.

கிளம்பும்போது அந்த விவசாயி, மகன் லூதியானாவில் கூலி வேலை செய்வதாகச் சொன்னார். நம்மைப் போல அவனும் ஊர் விட்டு வந்தவன். நமக்கு மாற்றல் உத்தரவு இருந்தது. அவனுக்கு ஊரில் இருக்க வழி இல்லை.