ஓய்வுக்கால வீடும் பழைய ஸ்போர்ட்ஸ் காரும்: சுவா சூ காங்கில் இரண்டுக்கும் இடம் உண்டா?

அப்பா ஓய்வுபெறப் போகிறார். சுவா சூ காங் வீட்டைப் புதுப்பிக்கவேண்டும் என்கிறார் அம்மா. அப்பாவோ கைத்தொலைபேசியில் சிவப்பு நிற மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் படத்தைக் காட்டி, "இதையும் வாங்கிட்டா என்ன?" என்று கேட்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு ஓடுகிறதா? சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இரண்டுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் விதிமுறைகள் வெவ்வேறு இணையப்பக்கங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. அவற்றைப் படித்து அவர்களுக்கு எடுத்துச்சொல்லப் போவது அநேகமாக நீங்கள்தான்.

ஏன் இந்த ஆசை?

சிங்கப்பூரில் கார்ப் பந்தயம் என்றதும் உங்களுக்கு மரினா பேயின் இரவுப் பந்தயம் நினைவுக்கு வரலாம். தாத்தாக்களுக்கு நினைவுக்கு வருவது அப்பர் தாம்சன் சாலை. 1961 முதல் 1973 வரை அங்குதான் கிராண்ட் பிரி நடந்தது. 4.865 கிலோமீட்டர் சுற்று. சாலை ஓரத்தில் கால்வாய், விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம்! 1961இல் முதல் பந்தயத்தை வென்றது ஓர் ஆஸ்டன் மார்ட்டின். விபத்துகள், போக்குவரத்துச் சிரமம் ஆகிய காரணங்களால் 1973க்குப் பிறகு பந்தயம் நின்றுபோனது.

அந்தக் கடைசிப் பந்தயத்தைப் பதினைந்து வயதில் பார்த்த பையன் இப்போது அறுபதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார். வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஐம்பது ஆண்டாகத் தள்ளிப்போட்ட ஆசை இது. "வயசான காலத்துல எதுக்கு?" என்று கேட்பதற்குமுன் அதைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள்.

பணம் ஒரே பையிலிருந்துதான் வரும்

வீடு வாங்க மத்திய சேம நிதியைப் பயன்படுத்தலாம். வீட்டைப் புதுப்பிக்க முடியாது. கார் வாங்கவும் முடியாது. ஆக, குளியலறை ஓடும் காரின் சக்கரமும் ஒரே ரொக்கச் சேமிப்புக்குப் போட்டி போடுகின்றன.

ஓய்வுபெறும் வயது 2026 ஜூலை 1 முதல் 64. சேம நிதியின் மாதாந்திர வழங்கீட்டைப் பெறத் தொடங்கும் வயது 65. இடைப்பட்ட காலத்தில் சேமிப்பைக் கரைத்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது கடினம். அதனால் வரிசை முக்கியம்: முதலில் வீடு, அதிலும் முதலில் குளியலறை. இது என் கருத்து மட்டுமல்ல. 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒருமுறையாவது கீழே விழுகின்றனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

35 வயது வீடு

சுவா சூ காங் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது 1990 மார்ச்சில். அந்தக் காலக்கட்டத்தை ஒட்டி எழுந்த புளோக்குகள் அந்த நகரில் நிறைய. உங்கள் பெற்றோரின் வீடும் அவற்றில் ஒன்றாக இருந்தால், அதற்கும் ஏறக்குறைய 35 வயது.

இதில் ஒரு நன்மை உண்டு. வீட்டு மேம்பாட்டுத் திட்டம் முதலில் 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு மட்டும் இருந்தது. 1987 முதல் 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் அது விரிவாக்கப்படும் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. புளோக்கில் தகுதிபெறும் சிங்கப்பூரர் குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தால் வேலை நடக்கும். உரியும் கான்கிரீட், பழைய கழிவுநீர்க் குழாய் போன்ற அத்தியாவசியப் பழுதுகளுக்கான செலவை அரசாங்கம் ஏற்கும். கழிப்பறையைப் புதுப்பிப்பது விருப்பத் தேர்வு. அதற்குச் செலவில் ஒரு சிறு பங்கைக் கொடுக்கவேண்டும்.

அதனால் காண்ட்ராக்டரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் புளோக்கின் முறை எப்போது வருகிறது என்று விசாரித்துவிடுங்கள். சொந்தச் செலவில் கழிப்பறையை மாற்றி ஓராண்டுக்குள் புளோக்கில் வாக்கெடுப்பு வந்தால் வயிற்றெரிச்சல்தான்.

அடுத்தது 'ஈஸ்' திட்டம். மூத்தோருக்காக 2012இல் தொடங்கியது. வீட்டில் 65 வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயதுக்குள் இருந்து, குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைக்கு உதவி தேவைப்பட்டாலும் விண்ணப்பிக்கலாம். வழுக்காத தரைப்பூச்சு, கைப்பிடிக் கம்பி, சரிவுப்பாதை ஆகியவை முதலிலிருந்தே உண்டு. 2024இல் மடக்கும் குளியல் இருக்கை, கழிப்பறை வாசல் மேட்டைத் தாழ்த்துவது போன்றவையும் சேர்ந்தன. சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு, வீட்டு வகையைப் பொறுத்து, 95 விழுக்காடு வரை மானியம் கிடைக்கிறது.

தீபாவளி எண்ணெய்க் குளியலன்று உங்கள் வீட்டுக் குளியலறைத் தரையை நினைத்துப்பாருங்கள். அந்த வழுக்கலில் 75 வயதில் நிற்கமுடியுமா? அதுதான் அளவுகோல். கைப்பிடி பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். விழுந்த பிறகுதான் பெரும்பாலும் போடுகிறார்கள்.

மானியத்துக்கு வெளியே நீங்களே செய்யும் வேலைகளும் இருக்கும். சக்கர நாற்காலி நுழைய கதவின் தெளிவான திறப்பு 850 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்கிறது கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதித்தொகுப்பு. பழைய கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள், அவ்வளவு அகலம் இருக்க வாய்ப்பில்லை. அகலப்படுத்தச் சுவரை உடைக்கவேண்டும். சுவரை உடைக்க வீவக அனுமதி வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் சுவர் என்றால் தொடவே கூடாது. காண்ட்ராக்டரும் வீவக பட்டியலில் இருப்பவராக இருக்கவேண்டும். உடைப்பது, ஓடு வெட்டுவது போன்ற இரைச்சல் வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கிடையாது.

குளியலறை ஓட்டைப் பெயர்த்தால் அடியில் நீர்புகாப் பூச்சைத் திரும்பப் போடுவதை நேரில் நின்று பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் கசிவு வந்தால் பழுதுபார்க்கும் பொறுப்பு இரு வீட்டாருக்கும் சேர்த்துத்தான்.

சமையலறையையும் மறக்கவேண்டாம். கிரைண்டரைக் குனிந்து தூக்கும் இடத்தில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் மேடை போடுங்கள். சாமி மாடமும் அப்படித்தான். விளக்கேற்ற ஸ்டூல்மேல் ஏறவேண்டிய உயரத்தில் அது இருந்தால் இப்போதே கீழே இறக்கிவிடுவது நல்லது.

35 வயது கார்

ஒரு வேடிக்கையான பொருத்தம்: நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் சேர, காருக்கும் குறைந்தது 35 வயது ஆகியிருக்கவேண்டும். மூன்று வயதைத் தாண்டிய பழைய கார்களைச் சாதாரணமாக இங்கு இறக்குமதி செய்ய முடியாது. கிளாசிக், வின்டேஜ் கார்களுக்கு விலக்கு உண்டு. 1989இல் வெளிவந்த முதல் எம்எக்ஸ்-5 கார்கள் 2024இல் அந்த வயதை எட்டிவிட்டன. அப்பா காட்டிய படம் வெறும் கனவு அல்ல.

இந்தத் திட்டத்தின் பெரிய கவர்ச்சி, சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் தேவையில்லை என்பது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. அதோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 310 வெள்ளி சாலை வரி ஒன்றுமே இல்லை. காரின் விலை, தீர்வை, பொருள் சேவை வரி, கப்பல் செலவு எல்லாம் தனி.

ஆனால் கட்டுப்பாடு ஒன்று உண்டு. அந்தக் காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம்.

அப்படியென்றால் மீதி 320 நாள்? நிற்கவேண்டும். அந்த 320 நாளுக்கும் ஓர் இடம் வேண்டும். தினமும் தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்கிவர இது உதவாது. ஞாயிறு காலை லிம் சூ காங் சாலையில் ஒரு சுற்று, சுங்கை காடுட் சிவன் கோயில், திரும்பி வீடு... அந்த மாதிரி பயணங்களுக்குத்தான் இது. தினமும் ஓட்டவேண்டும் என்றால் சிஓஇ உள்ள பழைய காரைத் தேடவேண்டும். அப்போது சான்றிதழைப் புதுப்பிக்கும் செலவும் சேரும்.

கார் எங்கே நிற்கும்?

வீவக வீட்டில் இருப்பவருக்குப் பதில் ஒன்றுதான்: கீழே, பொதுக் கார் நிறுத்துமிடத்தில். 2016 டிசம்பரில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, நகர மையத்துக்கு வெளியே முதல் காருக்கு மாதம் 80 வெள்ளி, கூரை உள்ள இடமென்றால் 110 வெள்ளி. பழைய காருக்குக் கூரை அவசியம். வெயில் ரப்பரையும் தோலையும் தின்றுவிடும்.

அங்கே பூட்டும் கதவு இல்லை, சொந்த மின்செருகியும் இல்லை. வாரக்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். வீட்டுக் கொட்டகை என்றால் சிறிய சார்ஜரை மாட்டிவிடலாம். பொது இடத்தில் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைப்பதுதான் வழி. ஒரே இடத்தில் நிற்கும் டயர் தட்டையாகும். நம் ஊர் ஈரப்பதத்தில் இருக்கையில் பூஞ்சை பிடிக்கும். முழுக்க மூடும் பிளாஸ்டிக் உறையைவிடக் காற்று புகும் துணி உறை மேல்.

இடத்தின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. கார் நிறுத்தும் கட்டம் ஒன்றின் அளவு 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர். அதாவது ஏறத்தாழ 11.5 சதுர மீட்டர். சிறிய ரக ஈரறை ஃபிளெக்சி வீட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு!

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் உண்மையில் குட்டியானவை. எம்ஜிபி 3.9 மீட்டர் நீளம், முதல் எம்எக்ஸ்-5 கிட்டத்தட்ட 4 மீட்டர். மூக்கு நீண்ட ஜாகுவார் இ-டைப்கூட 4.5 மீட்டருக்குள் அடங்கிவிடும். இன்றைய சாதாரண டொயோட்டா கொரோலா 4.6 மீட்டர். ஆகவே காருக்கு இடம் பற்றாமல் போகாது.

இடம் பற்றாதது ஓட்டுநருக்கு. எம்எக்ஸ்-5 காரின் அகலம் 1.675 மீட்டர். கட்டத்தின் நடுவில் நிறுத்தினால் இருபுறமும் 36 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். இரு கதவுக் கார்களின் கதவு நீளமானது. அதைப் பாதி திறந்து, தரையை ஒட்டிய இருக்கையிலிருந்து 70 வயதில் எழுந்து பாருங்கள். உடற்குறையுள்ளோருக்கான கார் நிறுத்தக் கட்டம் 3.6 மீட்டர் அகலம் வைக்கப்பட்டிருப்பது சும்மா இல்லை.

தரைவீடாக இருந்தால்

சுவா சூ காங் வட்டாரத்தில் தரைவீடுகள் குறைவு. அப்படி ஒன்று உங்கள் குடும்பத்துக்கு இருந்தால், கார் நிற்கும் முகப்பை 2.4 மீட்டருக்குத் திட்டமிடாமல் 3.6 மீட்டருக்குத் திட்டமிடுங்கள். அந்தக் கூடுதல் இடம் கார் கதவுக்கும் நாளைக்கு வரக்கூடிய சக்கர நாற்காலிக்கும் ஒன்றாகவே பயன்படும். புதுப்பிப்பில் நான் ஒரே ஒரு ஆடம்பரத்துக்குச் சம்மதிப்பேன் என்றால் இதற்குத்தான்.

முகப்பிலிருந்து வீட்டுக்குள் ஏறும் படியைக் கவனியுங்கள். சக்கர நாற்காலிச் சரிவு 1:12 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும். 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு. காரை நிறுத்தியபின் அந்த நீளத்துக்கு இடமிருக்கிறதா என்று தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்துவிடலாம்.

திறந்த முகப்பைச் சுவர் எழுப்பி மூடிய கொட்டகையாக்குவது வேறு கதை. நகரச் சீரமைப்பு ஆணையத்தின் இடைவெளி விதிகள் குறுக்கே வரும். கட்டடக் கலைஞரைக் கேட்காமல் செங்கல் இறக்காதீர்கள். மூடிய இடமென்றால் காற்றோட்டமும் கட்டாயம். உள்ளே இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமே இல்லை.

எத்தனை ஆண்டு ஓட்டுவார்?

65 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் கார் ஓட்டுநர் உரிமம் தொடரும். கண், காது, மூட்டு எல்லாம் பார்ப்பார்கள். 65இல் கார் வாங்கும் ஒருவர் 77 வரை ஓட்டினால், ஆண்டுக்கு 45 நாள் என்ற கணக்கில் 540 நாள் கிடைக்கும். சிலருக்கு அது போதும் போதும் என்றிருக்கும். சிலர் காரைக் காசு கொடுத்து வாங்காமல் நண்பருடன் பங்குபோட்டுக்கொள்ளத் தீர்மானிப்பார்கள்.

கேட்டுவைக்கவேண்டிய இன்னொரு கேள்வி: அதன்பிறகு சாவி யாருக்கு? பழைய கார்களில் பெரும்பாலானவை மேனுவல் கியர். உங்களிடம் இருப்பது கிளாஸ் 3ஏ உரிமம் என்றால் அதை நீங்கள் ஓட்ட முடியாது.

முன்பணம் கட்டுமுன் அப்பாவை ஒருநாள் அப்படியொரு காரில் உட்காரவைத்து, யாருடைய கையையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். மூன்று முறை. அம்மாவையும்தான். பக்கத்து இருக்கை அவருடையது.