குறும் இணைய முகவரிகள் (சீனச் சந்தை)

இரண்டு முதல் ஐந்து எழுத்தோ எண்ணோ மட்டும் கொண்ட இணைய முகவரிகள். சீன நிறுவனங்களும் முதலீட்டாளர்களும் இவற்றைச் சொத்தாகவே கருதி வாங்குகிறார்கள்.

காரணம் ஓசையில் இருக்கிறது. சீன மொழியில் 8 என்ற எண் செழிப்பை நினைவூட்டும், 4 சாவை. 51 என்பது ‘எனக்கு வேண்டும்’ என்பதுபோல ஒலிப்பதால் ஒரு வேலைவாய்ப்புத் தளம் 51ஜாப்.காம் ஆனது. நெட்ஈஸ் நிறுவனத்தின் 163.காம், பழைய டயல்-அப் இணைப்பு எண்ணிலிருந்து வந்தது.

எழுத்துகளுக்கும் கணக்கு உண்டு. சீனச் சொற்களை ரோமன் எழுத்தில் சுருக்கும்போது முதலெழுத்துகளே மிஞ்சும். அங்கே ஏ, இ, ஐ, ஓ, யு, வி அரிதாகவே வரும், அல்லது வரவே வராது. இந்த ஆறையும் ஒதுக்கினால் எஞ்சுபவை 20. அவற்றால் அமையும் நான்கெழுத்து முகவரிகள் 1,60,000 மட்டுமே. 2015இல் இவற்றின் விலை எகிறியது. அடுத்த ஆண்டே சரிந்தது.

பெரிய நிறுவனங்களும் குறும் முகவரிகளைத் தேடின. இணைய வணிக நிறுவனமான ஜிங்டாங் 2013இல் 360பை.காமை விட்டு ஜேடி.காமுக்கு மாறியது. வோடபோனிடமிருந்த 360.காமை இணையப் பாதுகாப்பு நிறுவனமான சிஹூ 2015இல் 1.7 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது.

இந்தியருக்கு நெருக்கமான உதாரணம் ஷியோமி. 2014இல் சுமார் 36 லட்சம் டாலருக்கு எம்ஐ.காமை வாங்கி, அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் கடை விரித்தது. வெளிநாட்டவர் வாயில் நுழையாத பெயருக்கு அது நல்ல மாற்று. புனேயின் விஷ்ராந்த்வாடியில் எம்எச் 12 வரிசையில் பிடித்த வண்டி எண்ணுக்குக் கூடுதல் கட்டணம் கட்டுபவருக்கு இந்த ஆசை எளிதில் புரியும். ஆனால் வண்டி எண்ணைப் போலன்றி, முகவரியை உலகில் யாருக்கும் விற்கலாம்.